கறுப்பு வெள்ளையில் ஏற்றிய தெரு

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சிவகாசியில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். பீரோவில் கிடந்த பழைய தீ காப்பீட்டு வரைபடங்களை ஸ்கேன் செய்து சி.டி.யில் ஏற்றுவது என் பொறுப்பு. ஒரு கம்பெனி, அதன் குடோன், கிணறு, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று அடிக்கணக்கோடு வரைந்திருப்பார்கள். கல் கட்டடத்துக்கு அடர்ந்த ரோஸ். ஓலைக் கூரைக்குக் கோடுகூட இல்லாமல் வெளிர் மஞ்சளில் ஒரு தீற்று. ஓலை வீட்டிலிருந்து தீ தாவிவிடும் என்ற கவலை இன்சூரன்ஸ்காரர்களுக்கு.

கலரில் ஏற்றினால் ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் தள்ளிவிட்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தேன். தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. எங்கள் பக்கத்தில் பழைய பேப்பர் கடைசியில் வெடிக்குத்தான் சுற்றப்படும்.

சில வருடம் கழித்து, சூலக்கரை வீட்டில் காய்ச்சலாகப் படுத்திருந்த அம்மா ஆரம்பித்தாள்.

"ஏய்யா, நம்ம பாப்பாவை வச்ச எடத்துல ஒருக்கா பால் ஊத்தணும்யா."

பாப்பா என்றால் எனக்குப் பிறகு பிறந்து, பன்னிரண்டே நாள் இருந்த தங்கை. விருதுநகரில் அப்போது நாங்கள் குடியிருந்த ஓலை வீட்டின் பின்சுவரை ஒட்டிப் புதைத்தார்கள். பிறகு அந்த வீட்டு வரிசையையே காலி செய்து, பக்கத்துத் தீப்பெட்டி கம்பெனி தன் இடத்தோடு சேர்த்துக்கொண்டது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அம்மா, "அங்கனதான்" என்று கை காட்டுவாள். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தைக் காட்டுவாள்.

எனக்குச் சட்டென்று சி.டி.க்கள் நினைவுக்கு வந்தன. கம்பெனிக் கிணற்றிலிருந்து அடி எண்ணினால் எங்கள் பழைய வீட்டைப் பிடித்துவிடலாம். மறுநாள் அதே ஆபீசில் ஒவ்வொன்றாகத் திறந்து அந்தக் கம்பெனியின் படத்தைக் கண்டுபிடித்தேன். கிணறு இருந்தது. குடோன் கறுகறுவென்று இருந்தது. மேற்கே எங்கள் வரிசை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. வெளிர் மஞ்சளை வெறும் தாள் என்று மெஷின் எடுத்துக்கொண்டுவிட்டது. பெரிதாக்கினேன், வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். வெள்ளைதான். ஒரு மஞ்சள் தீற்றுக்காக அப்படி ஏங்குவேன் என்று நான் நினைத்ததில்லை. எங்கள் வீட்டை யாரோ வரைந்தது அந்த ஒரே ஒரு தடவைதான்.

அம்மாவிடம் மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"அப்ப அந்தத் தாளு ஒன் கையில இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சும்மா."

"நம்ம வீடும் அதுல இருந்துச்சுல்ல?"

"இருந்திருக்கும்."

"எம்புட்டுப் பெருசா போட்டிருந்தாக?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியவில்லை. ஸ்கேனரில் தாள் கோணாமல் படுக்க வேண்டுமே என்று நான் ஓரங்களை மட்டும்தான் பார்த்திருந்தேன்.