மலைவிழுங்கியைச் சுருக்கியவர்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். வைத்தவர்கள் கேலிக்காக வைத்த பெயர். அவர் அதை விருது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். நாற்பத்தாறு வயது. முன்மண்டை வழுக்கை. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒன்று திரையைப் பார்க்க, ஒன்று மனிதர்களைப் பார்க்க.

சண்டை வீடியோ கேம் செய்கிற நிறுவனம் அது. வெவ்வேறு விளையாட்டுகளில் தனித்தனியாகப் பிழைத்துக்கொண்டிருந்த வீரர்களையும் வில்லன்களையும் ஒரே மேடைக்கு இழுத்து வந்து மோதவிடும் விளையாட்டு ஒன்று அவர்களுக்குச் சோறு போட்டது. அதில் யாரை எடுத்து ஆடினாலும், எதிரே யார் நின்றாலும், இரண்டு பக்கமும் ஜெயிக்க ஏறக்குறைய சமமான வாய்ப்பு இருந்தாக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் தராசின் வேலை.

வீரர்களால் தொல்லை இல்லை. எந்தக் கதையிலும் அவர்கள் ஆள் உயரம்தான். வில்லன்கள்தான் உயிரை வாங்கினார்கள். தன் சொந்தக் கதையில் ஒருவன் புயலாக இருப்பான், இன்னொருவன் கப்பலை விரலால் சுண்டுவான். அவனை அப்படியே மேடையில் ஏற்றினால் கணுக்கால் மட்டும்தான் திரையில் தெரியும். ஆள் உயரத்துக்குக் குறுக்கினாலோ, வேஷம் கட்டிய தொப்பைக்காரன் மாதிரி ஆகிவிடுவான். இந்த இரண்டுக்கும் நடுவே தராசு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வில்லனை வீரனைவிட ஒன்றரை மடங்கு உயரத்தில் நிறுத்தி, முதுகைக் கூனாக்கிவிடுவார். கூனிக் குறுகி நிற்பவனைப் பார்த்தால், நிமிர்ந்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவான் என்று ஆடுபவர்களே நினைத்துக்கொள்வார்கள். கை ஓங்க நேரம் எடுக்கும்; ஆனால் ஓங்கிய கையைச் சில்லறைக் குத்துகளால் நிறுத்த முடியாது. இவ்வளவு கொடுத்ததற்கு ஈடாக அவனிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொள்வார். குதிக்க முடியாது, குனிய முடியாது, எந்தப் பக்கம் அடித்தாலும் அடி படும்.

வீட்டிலும் இதே பிழைப்புதான். இரண்டு பெண்களும் சண்டை போட்டுக்கொண்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்து விசாரிப்பார். மருந்துக் கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த மனைவி, கோர்ட்டு கலைந்ததும் சொல்லுங்கள், தட்டு வைக்கிறேன் என்பார். யார் பக்கமும் சாயாதவர் என்ற பெயரைத் தராசு கண்ணாடிப் பாத்திரம் போலக் காப்பாற்றி வந்தார்.

மனைவியின் அண்ணன் அச்சகம் ஒன்றில் மெஷின் ஓட்டியவர். ஐம்பது வயதில் அச்சகத்தை மூடிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் தராசின் நிறுவனம், விளையாட்டைச் சோதித்துப் பார்க்க எட்டு பேரைத் தேடியது. கைதேர்ந்தவர்கள் வேண்டாம், சாதாரணமாக ஆடுகிறவர்கள்தான் வேண்டும் என்று விளம்பரம். தங்கையின் பெண்களோடு உட்கார்ந்து ஆடும்போதெல்லாம் இருப்பதிலேயே பெரிய உருவமாகப் பார்த்து எடுத்துத் தோற்கிற மனிதர் மச்சான். விளம்பரத்தை அவரிடம் காட்டியதோடு சரி, நேர்காணல் நடந்த அன்று தராசு லீவு போட்டுவிட்டார். மச்சானுக்குச் சொந்த யோக்கியதையில் வேலை கிடைத்தது. சோதிப்பவர்களை அங்கே இருக்கை எண்ணால்தான் அழைப்பார்கள். மச்சான் மூன்றாம் இருக்கை ஆனார். சொந்தக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே தராசு அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அந்த வருடம் மலைவிழுங்கியை மேடைக்குக் கொண்டுவருவது என்று முடிவானது. தன் பழைய கதையில் அவனுடைய உள்ளங்கை மட்டுமே திரையை அடைத்துக்கொள்ளும். வீரர்கள் மூன்று கட்டம் ஏறினால்தான் முழங்காலுக்கு வர முடியும். நான்கு வருடமாக ஆட்டக்காரர்கள் அவனைக் கேட்டுக் கடிதம் எழுத, நிறுவனம் நான்கு வருடமாக 'மிகப் பெரியவன், முடியாது' என்று பதில் எழுதிவந்தது. முடியும் என்று தராசு ஏற்றுக்கொண்டார்.

அரைகுறையாக இருக்கும் உருவத்தை யாராவது ஒருவர் விடாமல் ஆடிப் பார்த்தால்தான் என்ன குறைகிறது என்று தெரியும். முதலில் பலவீனங்களை எல்லாம் ஏற்றிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுவது தராசின் முறை. ஆகவே அவனை ஆடுகிறவர் மாதக்கணக்கில் தோற்றாக வேண்டும். அந்த வேலை மூன்றாம் இருக்கைக்குப் போனது. பதினொரு மாதம், நாளுக்கு நாற்பது ஆட்டம் மச்சான் தோற்றார். ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் ஒரு வரி எழுதினார். தோள் குறுக்கே வருகிறது, எதிராளியின் கால் தெரியவில்லை. கை ஓங்குவதற்குள் மூன்று குத்து வாங்கிவிட்டேன், எனக்கே சலிப்பாக இருக்கிறது. ஒருநாள் இப்படி எழுதியிருந்தார்: இந்த முறை நான்தான் சரியாக ஆடவில்லை, அவன்மேல் தப்பில்லை. அந்த வரியைத் தராசு இரண்டு தடவை படித்தார். சோதிக்கிறவர்கள் தங்கள் மேல் பழி போட்டுக்கொள்வது அந்த அறையில் நடக்காத காரியம்.

காபி மெஷின் முன்னால் வரிசையில் நின்றபோது மச்சான் ஒருநாள் சொன்னார்: "மாப்ள, இவன எடுக்குறவன் ஜெயிக்கணும்னு எடுக்க மாட்டான். பெருசா இருந்து பாக்கணும்னு எடுப்பான். தோத்தாலும் பெருசா தோக்கணும். இப்ப இவன் விழுறது எப்படி இருக்கு தெரியுமா? சலவைக்குப் போட்ட துணி மூட்ட மாதிரி இருக்கு."

தராசு காபியை எடுக்காமலே தன் இடத்துக்குத் திரும்பினார். மலைவிழுங்கி விழும்போது தரை அதிர்ந்து, பக்கத்தில் நிற்பவன் ஒரு கணம் தள்ளாட வேண்டும் என்று மாற்றினார். சின்ன அடிகளுக்கு அவன் உடம்பு அசையாமல் புழுதி மட்டும் உதிரும்படி செய்தார். அடுத்த வாரம் போட்டுக் காட்டியபோது அறையே எழுந்து நின்று கைதட்டியது. மூன்றாம் இருக்கையில் மச்சானும் கைதட்டினார். யோசனை அவருடையது என்று சொல்லத் தராசுக்கு வாய் வந்தது. சொந்தக்காரனைத் தூக்கிவிடுகிறார் என்று பேச்சு வருமே என்று அடக்கிக்கொண்டார். அது முதல் தடவை. பெரிய நஷ்டம் யாருக்கும் இல்லை என்று அன்று தோன்றியது.

வெளியீட்டுக்கு ஆறு வாரம் இருக்கையில் புதிய மேலாளர் ஒருவர் வந்தார். காலணி விற்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தவர். எட்டு இருக்கைகளை ஐந்தாகக் குறைக்கப் போவதாகச் சொல்லி, யார் எத்தனை சதவீதம் ஜெயித்திருக்கிறார்கள் என்று ஆள்வாரியாகப் பட்டியல் கேட்டார். பட்டியல் தராசிடம் தயாராக இருந்தது. ஆடுபவரின் திறமையைக் கழித்துவிட்டு உருவத்தின் பலத்தை மட்டும் பார்ப்பதற்காக, ஆடியவர் யார் என்ற பத்தியை அவரே போட்டு வைத்திருந்தார். மற்றவர்கள் நாற்பத்தேழிலிருந்து ஐம்பத்தெட்டு வரை. மூன்றாம் இருக்கை முப்பத்தொன்று.

அந்த முப்பத்தொன்று யாருடையது என்பது தராசுக்குத் தெரியும். அது மலைவிழுங்கியின் எண். அரைகுறையாக நின்ற ஓர் அரக்கனைத் தூக்கிக்கொண்டு பதினொரு மாதம் அடி வாங்கியவரின் வேலைக்கு அந்தப் பட்டியலில் பத்தியே இல்லை. தோற்பதற்காகவே நாற்காலி போட்டு உட்காரவைத்த மனிதரை, ஜெயித்த கணக்கில் அளக்கிறார்கள். இதைவிடப் பெரிய அபத்தம் அந்தக் கட்டடத்தில் நடந்ததில்லை. நடந்தது பளிச்சென்று விளக்கு எரியும் அறையில், படித்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க.

காலை பதினொரு மணிக் கூட்டம். மேலாளர் முப்பத்தொன்றின்மேல் விரலை வைத்தார். "இந்த மூணாம் சீட்டு ஏன் இவ்வளவு கம்மி? நீங்க ஏதாவது சொல்லணுமா?"

ஒரே வாக்கியம் போதும். தராசின் நாக்கு நுனியில் அது இருந்தது. மேஜையைச் சுற்றி இருந்த ஐந்து முகங்களையும் பார்த்தார். எல்லோருக்கும் அந்த உறவு தெரியும். மனிதர்களைப் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாம் நம்பர்லயே இருக்குங்க" என்றார்.

இரண்டு பக்கமும் சமபலத்தோடு நிற்கும்போது நடுவில் நிற்பதற்கு நடுநிலை என்று பெயர் சொல்லலாம். ஒரு பக்கம் கையெழுத்துப் போடும் பேனாவும் இன்னொரு பக்கம் வேலை போகப்போகிற ஆளும் இருக்கும்போது, நடுவில் நின்று கண்ணாடி துடைப்பவன் பேனாவின் பக்கம் நிற்கிறான். இருபது வருடம் எடை பார்த்தவருக்கு இது தெரியாமல் இல்லை. தன் பெயரில் கீறல் விழக் கூடாது என்ற ஒன்றுக்காக, தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று பேருக்குக் கடிதம் வந்தது. மாலையில் மச்சான் பேருந்து நிறுத்தத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். தராசு போய்ப் பக்கத்தில் நின்றார்.

"என்னப் பத்தி உங்ககிட்ட ஏதாச்சும் கேட்டாங்களா மாப்ள?"

"கேக்கல மச்சான்."

"அதான பாத்தேன். கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க."

அவர் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. தராசு மனம் வருந்துகிறாரே என்று ஆறுதலாகச் சொன்னார். பேருந்து வந்தது; பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறிப் போனார். தராசு அடுத்த பேருந்தையும் விட்டுவிட்டு நின்றார்.

மலைவிழுங்கி வெளியானதும் கொண்டாடப்பட்டான். முதல் மாதத்தில் அவனுடைய வெற்றி சதவீதம் ஐம்பதுக்கு ஒரு மயிரிழை கீழே. இவ்வளவு பெரியவனை இவ்வளவு நியாயமாக யாரும் சுருக்கியதில்லை என்று ஆட்டக்காரர்கள் எழுதினார்கள். வீட்டில் சின்னப் பெண், ஆட்டம் முடிந்து பெயர்கள் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வெளியீட்டு நாளன்று வேலையில் இருப்பவர்களின் பெயர் மட்டும்தான் வரும் என்பது நிறுவனத்தின் விதி. அவளுக்கு அது தெரியாது. மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, மாமா பேர் எங்கேப்பா, ஒளிச்சு வெச்சிருக்கீங்களா என்று கேட்டாள்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு தராசு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் கேட்டதை, தான் சொன்னதை, பேருந்து நிறுத்தத்தில் சொன்ன பொய்யை. மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த எடத்துல வேற ஆள் இருந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்."

மடித்த துண்டை அடுக்கின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். "அப்ப எனக்கு அண்ணனா பொறந்தது ஒண்ணுதான் அவரு செஞ்ச குத்தம்." அடுத்த துண்டை எடுத்தார். சண்டை போட்டிருந்தால் தராசு ஏதாவது பதில் சொல்லியிருப்பார்.

மறுநாள் இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனார். யார் எதை எத்தனை மாதம் ஆடினார்கள், அந்த எண் ஏன் அந்த ஆளுடையது ஆகாது, அதிர்கிற தரை யார் யோசனை என்று எல்லாம் அதில் இருந்தது. மேலாளர் முழுக்கப் படித்தார். கெட்டவராக இருந்திருந்தால் தராசுக்கு வசதியாக இருந்திருக்கும். ரொம்பத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், இதை அன்றைக்கே ஒரு வரியில் சொல்லியிருந்தால் பட்டியலை மாற்றியிருப்பேனே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். இப்போது அந்த மூன்று இருக்கைகளே இல்லை. காகிதம் கோப்புக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தராசு மச்சான் வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி, இரண்டு அறை. வீட்டில் மச்சான் மட்டும்தான் இருந்தார். கடை வளாகம் ஒன்றின் அடித்தளத்தில் வண்டிகளுக்கு இடம் காட்டுகிற வேலை கிடைத்திருந்தது அவருக்கு. மேஜைமேல் போர்வையை விரித்து, தோளில் மஞ்சள் பட்டை வைத்த சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். தராசு நின்றுகொண்டே சொன்னார்.

"அன்னைக்கு என்கிட்ட கேட்டாங்க மச்சான். நான் சொல்லல. கேக்கலைன்னு உங்ககிட்ட சொன்னது பொய்."

மச்சான் காலரை முடித்தார். சட்டையைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கத்தையும் தேய்த்தார். அவசரம் இல்லாமல், ஒரு மடிப்புகூட விடாமல்.

"அன்னைக்கு சொல்லியிருந்தா எனக்கு வேலை இருந்திருக்கும்" என்றார். "இன்னைக்கு சொன்னா உங்களுக்கு நிம்மதி. அது வேணும்னா எடுத்துக்குங்க."

தராசு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். மச்சான் கையை லேசாக உயர்த்தினார். கோபத்தில் இல்லை, நேரமாகிறது என்று காட்ட. சட்டையைப் போட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக மாட்டினார். ஷிஃப்டுக்குப் பத்து நிமிடம் பிந்தினாலும் அரைநாள் போய்விடும் என்றார். போகும்போது கதவை இழுத்துச் சாத்திவிட்டால் போதும், தானாகவே பூட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தராசு அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். தன் பக்கத்தில் சொல்வதற்கு நாலைந்து காரணங்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். அவற்றை ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். மச்சான் கேட்டிருந்தால் அவற்றில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றையும் கேட்கவில்லை. தராசு போர்வையை மடித்து வைத்தார். பிறகு வெளியே வந்து கதவை இழுத்தார். அது உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டது.