சோக் லீவரில் கட்டிய கயிறு

மஸ்கெலியாவில் கராஜ் வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் கையால் சரியான வண்டிகளைப் பற்றி ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். என் கையால் கெட்டுப்போன ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும்.

சிவலிங்கம், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்து ஆட்டோ ஓட்டுகிறவர், பழைய வாடிக்கை; என்னை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். ஒரு திங்கட்கிழமை காலை வந்தவர் எஞ்சினை அணைக்காமலே இறங்கினார்.

"நானா, இந்தச் சத்தத்தக் கேளுங்க. ஸ்டேண்டுல சும்மா நின்னாலும் கத்துது. பெட்ரோலும் ரொம்பக் குடிக்குது. நாளன்னிக்கு மகளுக்கு ஏ.எல். பெரிய சோதனை தொடங்குது. ஹட்டனுக்குக் கொண்டு போவணும்."

ஐட்லிங், அதாவது வண்டி சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், கூடினால் பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஆக்சிலேட்டர் கேபிள். அடுத்தது சோக். எங்கள் மலைநாட்டுக் குளிரில் காலையில் சோக்கைத் தூக்காமல் ஆட்டோ ஸ்டார்ட் ஆகாது. எஞ்சின் சூடானதும் லீவரை இறக்கிவிட வேண்டும். முழுதாக இறங்காவிட்டால் கார்புரேட்டர் வழியாகக் கூடுதல் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும், எஞ்சின் கத்தும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான், அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் ஸ்குரூவில் கை வைக்கலாம்.

கேபிள் சரியாக இருந்தது. சோக் லீவரைப் பார்க்கக் குனிந்தேன். அதன் அடியில் ஒரு மஞ்சள் கயிறு பல சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. லீவர் முழுதாக இறங்குகிறதா என்பது அதை அவிழ்த்தால்தான் தெரியும்.

"மக கோயில்ல வாங்கிக் கட்டுனது நானா," என்றார் சிவலிங்கம். "காலையில நான் மொதல்ல தொடுறது அதத்தானே, அதான் அதுல கட்டுனேங்குது."

நான் முஸ்லிம். சாமி கயிற்றை கிரீஸ் கையோடு தொடுவதா என்று தயங்கினேன். அவிழ்க்கச் சொல்லவும் வாய் வரவில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஐட்லிங் ஸ்குரூவை நன்றாகத் தளர்த்தினேன், சத்தம் அடங்கிவிட்டது.

"நானா கை வச்சா வச்சதுதான்!" என்று சிரித்துக்கொண்டே போனார் சிவலிங்கம். அந்தப் புகழ்ச்சியில் நானும் மயங்கித்தான் போனேன்.

புதன்கிழமை காலை மகள் தர்ஷினியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். வழியில் நோர்வூட்டுக்கு முன்னாலேயே, தேய்ந்து போயிருந்த கயிறு அறுந்து விழுந்தது. லீவர் முழுதாக இறங்கி, கூடுதல் பெட்ரோல் வருவது நின்றது. நான் தளர்த்தி வைத்த ஸ்குரூவுக்கு அதன் பிறகு எஞ்சின் எப்படி ஓடும்? ஆக்சிலேட்டரை விட்ட இடமெல்லாம் அணைந்தது. பதற்றத்தில் அவர் சூடான எஞ்சினுக்குச் சோக்கைத் தூக்கி ஸ்டார்ட் செய்ய, பிளக் பெட்ரோலில் நனைந்து அடியோடு நின்றுவிட்டது. நிரம்பி வந்த பஸ் நிற்கவில்லை. வேறு வண்டி பிடித்து ஹட்டன் போனபோது, சோதனை மண்டபத்துக்குள் விடும் நேரம் தாண்டியிருந்தது. பிள்ளையின் முதல் பாடத்துச் சோதனை போயிற்று; இனி அதை எழுத அடுத்த வருஷம்தான்.

மத்தியானம் ஆட்டோவைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். பிளக்கைத் துடைத்து மாட்டினேன். ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தது. ஸ்குரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். எஞ்சின் அமைதியாக ஓடியது. லீவரைத் தடுத்தது கயிறு, அதைப் பார்க்காமல் ஸ்குரூவைத் தளர்த்தியது நான்.

சிவலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கயிறு அறுந்ததுதான் காரணம்னு மக அழுவுது நானா. நான் கட்டுனது சாமிக்கே புடிக்கல, அதான் வண்டி நின்னுச்சுங்குது."

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பழியைச் சாமியே சுமந்திருக்கும். கையைத் துடைத்தேன். பிறகு அதே ஆட்டோவில் அவரோடு லயத்துக்குப் போனேன்.

தர்ஷினி அழுது வீங்கிய முகத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"மகள், கயிறு மேல ஒரு பிழையும் இல்ல," என்றேன். "அத அவுத்துப் பாத்திருக்கணும். நான் பாக்காம ஸ்குரூவக் கொறச்சு சத்தத்த மட்டும் அடக்குனேன். வண்டிய நிப்பாட்டுனது நான்தான்."

சிவலிங்கம் என்னையே பார்த்தார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே நானா. நானே அவுத்திருப்பேனே," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தர்ஷினி முகத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த பாடத்துக்கான புத்தகத்தை எடுத்தாள்.

சத்தம் அடங்கிவிட்டது என்பதற்காக வண்டியை அனுப்பாதீர்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். எனக்கு இந்தப் பாடம் வந்ததற்கு அந்தப் பிள்ளை ஒரு வருஷத்தைக் கொடுத்தாள்.

அவள் அடுத்த முறை சோதனை எழுதப் போவதற்கு முதல் நாள் சிவலிங்கம் ஆட்டோவைச் செக் பண்ணக் கொண்டு வந்தார். கூடவே தர்ஷினியும் வந்தாள், கையில் புதுக் கயிறு. சோக், கேபிள், ஸ்குரூ எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்து முடித்தேன்.

"மாமா, இத எங்க கட்டலாம்?" என்று கேட்டாள்.

பின்னால் பார்க்கும் கண்ணாடியின் கம்பியைக் காட்டினேன்.

"கைய கழுவிட்டு வாங்க," என்றாள். கழுவிவிட்டு வந்தேன். கயிற்றை என் கையில் தந்தாள்.