குட்டி போட்ட கால்சைட்

எங்கள் மேனேஜர் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங், நம்புவது வாஸ்துக்காரரை. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. அதன் ரிசப்ஷனில், ஈசானிய மூலையில் வைக்க ஒரு கல் வாங்கி வந்தார். உள்ளங்கை அகலம், கண்ணாடி மாதிரி தெளிவு, ஒரு பக்கமாகச் சாய்ந்த செங்கல் வடிவம். ஸ்படிகமாம்.

குவாலிட்டி லேபில் இருப்பவள் நான். “சும்மா ஒரு செக் பண்ணிக் குடும்மா” என்று என்னிடம் நீட்டினார். அடிப்பக்கம் கத்தி முனையால் இழுத்தேன். பளிச்சென்று கோடு விழுந்தது. ஸ்படிகமாக இருந்தால் கத்திதான் தேய்ந்திருக்கும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டேன். பொடிப்பொடியாக நுரை கட்டியது. பேப்பர் மேல் வைத்தேன். எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

“சார், இது கால்சைட். சுண்ணாம்புக்கல்லுக்குச் சொந்தம். ஸ்படிகம் இல்ல” என்றேன்.

இவ்வளவு சொன்னதில் அந்த ‘இரண்டிரண்டு’ மட்டும்தான் அவர் மண்டையில் ஏறியது. உடனே கல்லைப் புரொடக்ஷன் ரிப்போர்ட் மேல் வைத்துப் பார்த்துப் பூரித்துப் போனார். ரிஜெக்ஷனும் இரண்டாகத்தானே சார் தெரியும் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. இன்க்ரிமென்ட் நேரம், அடக்கிக்கொண்டேன். கல் ரிசப்ஷன் மூலையில் ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்தது.

ரிசப்ஷனைத் துடைப்பவர் பக்கத்து ஊரான வல்லம் வடகாலைச் சேர்ந்த அக்கா. ஹவுஸ்கீப்பிங், கான்ட்ராக்ட். நாங்கள் வண்டி நிறுத்தும் இடம் ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு நிலமாம். அது இருக்கட்டும். அந்த மாதம் ஏஜென்சி மாறப்போகிறது, பாதிப் பேரைக் கழிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. ஒரு கம்ப்ளெயின்ட் போதும், ஆள் காலி.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் ஒரு காலை, அக்கா லேபுக்குள் ஓடி வந்தார். முந்தானையில் எதையோ பொத்திப் பிடித்திருந்தார். 

“தங்கச்சி, மோசம் போயிட்டேம்மா. தொடச்சிக்கினே இருந்தேன், கை வழுக்கி வுழுந்துடுச்சி. வேலை பூடும்மா. வூட்ல என் சம்பளம் ஒண்ணுதான் கீது, இன்னா பண்ணுவேன்?”

முந்தானையை விலக்கிப் பார்த்தேன். கல் மூன்றாகியிருந்தது. ஆனால் உடைந்த மாதிரியே இல்லை. கால்சைட்டின் குணம் அது. எப்படிப் போட்டாலும் அதே சாய்வில்தான் பிளக்கும். பிளந்த பக்கமும் வழவழவென்று மின்னும். பெரியது ஒன்று, அதே அச்சில் சின்னது இரண்டு. தூளைத் துடைத்து, மூன்றையும் ரிசப்ஷனில் அதே தட்டில் வைத்தோம்.

மேனேஜர் வந்தார். பார்த்தார். நின்றார். “என்னம்மா இது?”

பயத்தில் எனக்கு வாயில் வந்தது இதுதான்: “குட்டி போட்டிருக்கு சார்.”

சிரிப்பார், அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மனுஷன் ஷூவைக் கழற்றினார்! வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். அவருக்கும் பிழைப்பு ஓட வேண்டுமே, கோடியில் ஒரு கல்லுக்குத்தான் இந்தப் பாக்கியம் என்று அடித்து விட்டார். காலையில் முதலில் தொட்டது யார் என்று விசாரணை நடந்தது. அக்கா அழாத குறையாக முன்னால் வந்து நின்றார்.

“உனக்கு நல்ல கைராசிம்மா!” என்றார் மேனேஜர்.

ஏஜென்சி மாறியது. பாதிப் பேர் போனார்கள். அக்கா இருந்தார். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் கோபமும் வந்தது. இத்தனை வருஷம் மழையிலும் ஜுரத்திலும் வந்து துடைத்த கைக்கு இல்லாத மதிப்பு, வழுக்கியதும் வந்துவிட்டது. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேன்டீனில் இடமில்லை. அந்தக் கையால் எங்களோடு அங்கே உட்கார்ந்து சாப்பிட அக்கா பல நாளாக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு ராசி பத்தவில்லை.

போன வாரம் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். ஹெட் ஆபீஸ் ஆட்கள் வருகிறார்களாம், அதற்குள் கல் இன்னொரு தடவை குட்டி போட வேண்டுமாம். “தெனமும் தொட்டுக்கிட்டே இரும்மா. போடலேன்னா ராசி போயிடுச்சுன்னுதான் அர்த்தம். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.” கல்லுக்கும் டார்கெட்!

அக்கா லேபுக்கு வந்து கதவைச் சாத்தினார். இந்தத் தடவை ஓடி வரவில்லை, அழவும் இல்லை.

“தங்கச்சி, போன வாட்டி இடுப்பு ஒசரத்துலேந்து வுழுந்துச்சி, ரெண்டு குட்டி. ஸ்டூல் மேல ஏறி நின்னு போட்டா நாலு தேறுமா?”