நடுமரத்து இடப்பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆள் இல்லை. காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆவி, மறுபிறவி, செய்வினை என்று வந்த புத்தகங்களை எல்லாம் வாசித்து, உரிய அலமாரியில் வைத்து, மறந்தும் போனவன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அதோடு சரி. நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தம் இல்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் பொழுதுபோக்கு மரத்தில் பாய்க்கப்பல் மாதிரிகள் செய்வது. ஷோகேஸ் பொம்மை இல்லை. பழைய வரைபடத்தை வைத்து அளவைக் குறைத்து, விலா எலும்பு மாதிரி சட்டங்கள் நிறுத்தி, மெல்லிய பலகைச் சீவல்களை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து ஒட்டி, ஒரு கப்பலுக்கு இரண்டு வருஷம் ஆகிவிடும். இடித்த வீடுகளின் பர்மா தேக்குத் துண்டுகள் எங்கள் ஊர் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும், அதுதான் எனக்கு மரம். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் தேதி தெரியும்படி படம் எடுத்து வைப்பேன். அந்தப் பழக்கம் மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு நானே என்னை நம்பியிருக்க மாட்டேன்.

கை நடுங்க ஆரம்பித்த பிறகு எனக்கு மரவேலை மட்டும்தான், நூல் வேலை முழுக்க ஜாபருடையது. பின் தெருக்காரர், நாற்பது வயது இருக்கும், சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. மாதக் கணக்கில் கடலில் கிடந்துவிட்டு லீவில் வந்தால், பெட்டியை வைத்த மறுநாளே என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துவிடுவார். “இரும்புக் கப்பல்ல சம்பளம், மரக்கப்பல்ல சந்தோஷம் சார்” என்பார்.

பாய்மரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன மேடை இருக்கும். அங்கிருந்து கப்பலின் இரண்டு விளிம்புகளுக்கும் கயிறுகள் இறங்கும். அவற்றுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரி சிறு கயிறுகளைக் கட்டுவார்கள், மாலுமிகள் ஏறுவது அதில்தான். மாதிரியில் அதையே நூலில் கட்ட வேண்டும், கண்ணைப் பிடுங்குகிற வேலை. ஜாபர் எப்போதும் கீழேயிருந்துதான் கட்டிக்கொண்டு போவார். இரண்டு ஓரத்திலும் மட்டும் நூலைத் திருப்பி ஒரு குட்டி வளையம் வைப்பார். பசையைத் தொட மாட்டார், தேன்மெழுகுதான். அவருடைய முடிச்சை ஆயிரம் முடிச்சுக்கு நடுவிலும் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

கடைசி லீவு முடிந்து கிளம்பும்போது நாங்கள் செய்துகொண்டிருந்த கப்பலில் நடுப் பாய்மரத்தின் இடப்பக்கத்துப் படிகளை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டுப் போனார். நேரம் இல்லாமல் இல்லை, வேண்டுமென்றேதான்.

“அத நீங்க தொட்டுராதீக சார். பாக்கி இருந்தாத்தான் வந்து சேரலாம்.”

“உங்க பாக்கிக்கு நான் எத்தன மாசம் தூசி தட்டுறது ஜாபர்?”

“டீச்சரத் தட்டச் சொல்லுங்க, நல்லாத் தட்டுவாக” என்றார். உள்ளேயிருந்து என் மனைவி செசிலி, பள்ளிக்கூடத்தில் பையன்களை அதட்டுகிற குரலில் ஏதோ சொன்னாள், சிரித்துக்கொண்டே போனார்.

ஆடி மாதத்தில் செய்தி வந்தது. புயலில் மேல்தளத்துக்குப் போன இரண்டு பேரைக் காணவில்லை என்றார்கள். ஒருவர் உடல் கிடைத்தது. ஜாபருடையது கிடைக்கவில்லை. கம்பெனிக் கடிதம், தூதரகம், சென்னை என்று அவருடைய அண்ணன் காதர் அலைந்தார், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். கடைசியில் தேடுதலை நிறுத்திவிட்டோம் என்று எழுத்தில் வந்தது. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில், உடல் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸாத் தொழுகை நடந்தது. நானும் வெளியே நின்றேன். அன்றைக்கே ஜாபரின் மனைவி ஷமீமா இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள், வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது.

அதற்கு அடுத்த வாரம், ஒரு காலை நேரம், கப்பலை ஷமீமா வீட்டுக்கே கொடுத்துவிடலாம் என்று அதன் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தேன். நடுமரத்து இடப்பக்கத்தில் கீழே மூன்று படி கட்டியிருந்தது.

எனக்கு உடனே பயம் எல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று செசிலியிடம் கத்தினேன். “ஊசியில நூல் கோக்கவே பக்கத்து வீட்டுப் புள்ளயக் கூப்புடுறேன், நான் இதக் கட்டுனேனா?” என்றாள். பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஓரத்தில் குட்டி வளையம். தேன்மெழுகு. போனில் தொழுகைக்கு முந்தின நாள் எடுத்த படத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஜாபர் வைத்துவிட்டுப் போன நூல் உருண்டை பிரிக்காத தாளோடு டப்பாவிலேயே கிடந்தது.

பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் செசிலியிடம் கொடுத்தேன். மறுநாள் இன்னொரு படி. அதற்கு மறுநாளும். நீங்கள் நினைப்பதை நானும் நினைத்தேன், தூக்கத்தில் நானே செய்கிறேனோ என்று. ஆனால் டீ டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறவன் நான், பூட்டிய பெட்டிக்குள் அந்த முடிச்சை எப்படிப் போடுவேன்?

காதரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“சார், என் தம்பிய ஒரு பிடி மண்ணு போட்டு அடக்க முடியல. நீங்க நூலக் காட்டி வெளாடாதீக.”

“வந்து பாத்துட்டு ஏசுங்க காதர்.”

வந்தார். குனிந்து பூதக்கண்ணாடியில் பார்த்தார். சின்ன வயதில் பட்டம் விடும்போதும் தம்பி இதே மாதிரித்தான் வளையம் வைப்பான் என்று சொல்லிவிட்டு, “ஷமீமாவுக்கு மட்டும் தெரிய வேணாம். இப்பத்தான் அழுது அடங்கியிருக்கா. உசுரோட இருக்கான்னு நெனச்சுட்டா அப்புறம் அவள யாரும் மீட்க முடியாது” என்றார்.

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் செசிலி ஷமீமாவைப் பார்க்கப் போன இடத்தில் வாயை விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து, “அவ மூஞ்சிய நேராப் பாத்துக்கிட்டு என்னால மறைக்க முடியலங்க” என்றாள், அதற்கு மேல் என்ன கேட்பது. கப்பலைக் கொண்டுவரச் சொல்லி ஷமீமா அனுப்பியிருந்தாள். அதற்குள் படிகள் மேடைக்கு அடியில் போய் முட்டியிருந்தன. பட்டப்பகலில், ஆட்டோவில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். நானும் காதரும் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம், செசிலி பெட்டியை உள்ளே கொண்டுபோனாள்.

பிறகு ஷமீமா திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். “சார், இதுல ஏறிப் போனா மேல என்ன இருக்கு?”

“ஒரு மேடை இருக்கும்மா. தூரத்துல கரை தெரியுதான்னு பாக்குறதுக்கு.”

“அப்ப இது எங்கிட்டயே இருக்கட்டும்.”

கப்பல் அவள் வீட்டுக்குப் போன பிறகு புதிதாக எதுவும் கட்டப்படவில்லை, கட்ட இடமும் இல்லை. பதிலாக ஒன்று நடந்தது, செசிலி தினமும் போய்ப் படம் எடுத்து வந்தாள், அதனால் சொல்கிறேன். கீழ்ப் படி ஒரு நாள் இல்லை. அடுத்த நாள் அதற்கு மேல் படி இல்லை. கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. ஷமீமாவே அறுக்கிறாள் என்று காதர் சந்தேகப்பட்டார், நானும்தான் சந்தேகப்பட்டேன், பொய் சொல்வானேன். இத்தா முடிந்து நான் நேரில் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, பக்கக் கயிறுகளில் பிளேடு பட்ட கீறல் இல்லை, மெழுகு ஒட்டிய தடம் இல்லை, பெட்டிக்குள் ஒரு துண்டு நூல் இல்லை. மேடைக்குச் சற்றுக் கீழே ஒரே ஒரு படி மட்டும் மிச்சம் இருந்தது. மெழுகு போட்ட நூல் கம்பி மாதிரி விறைப்பாக நிற்கும். இது நடுவில் தொய்ந்திருந்தது.

இளையான்குடியில் இருந்து ஷமீமாவின் அண்ணன் கார் எடுத்து வந்தார். தங்கையைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும், வயது முப்பத்துச் சொச்சம்தான், நல்ல இடம் ஒன்று விசாரித்தும் வைத்திருக்கிறார்கள். அவள் வர மாட்டேன் என்கிறாள். அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

“சார், நீங்க நாலு புத்தகம் படிச்சவுக, நீங்க சொன்னா கேப்பா. ஈரத்துல நூல் தொஞ்சிருச்சு, அம்புட்டுத்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவ வாழ்க்க சார்.”

ஒரு நல்ல பெண்ணின் வாழ்க்கை, அதற்காக ஒரு பொய் சொன்னால் என்ன, அது பொய்தானா என்பதும் எனக்குத் தெரியாதே என்று போனேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும், வெயில் அறைக்குள் வரைக்கும் விழுந்திருந்தது. ஷமீமா எனக்கு டீ வைத்தாள். கண்ணில் கலக்கம் எதுவும் இல்லை, பிடிவாதமும் இல்லை, வீட்டில் புருஷன் இருக்கும்போது பெண்கள் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தாள்.

“ஈரத்துல நூல் தொய்யுறது சகஜம்தான்மா. இதுல ஒண்ணும் இல்ல. நீ அண்ணனோட கிளம்பு” என்றேன். சரளமாகத்தான் வந்தது.

அவள் பெட்டியை வெயில் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

“போன வாரம் நீங்க பாக்கயில தொய்வு நடுவுல இருந்துச்சுல்ல சார்? இப்பப் பாருங்க.”

பார்த்தேன். தொய்வு இடது ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. வலப்பக்கம் நூல் கம்பி மாதிரி நேராக இருந்தது. பெட்டி பூட்டியிருந்தது.

“கால் மாத்தி நிக்கிறாக” என்றாள். “கீழ படி இல்ல. நானும் போயிட்டா அவுக யாரப் பாத்துக்கிட்டு நிப்பாக?”

போனை எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டேன். அவள் சொன்னது சரிதான். வாசலில் அவளுடைய அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜாபர் இனி வர மாட்டார் என்று நான் சொல்லவேண்டிய இரண்டாவது வாக்கியம் ஒன்று இருந்தது, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன். அது வரவில்லை. டீயைக் குடித்தேன். கார் அன்று சாயந்தரம் காலியாகத்தான் இளையான்குடிக்குத் திரும்பியது.