வாசற்படி தாண்டாத யூபோனியம்

பித்தளையை நெடுநேரம் கட்டிப்பிடித்திருந்தால் உள்ளங்கையில் பழைய காசின் வாடை ஏறிவிடும். சோப்புக்கும் போகாத அந்த வாடையோடு மாசாயில் எங்கள் அடுக்குமாடி ஃபிளாட்டின் படியேறும்போதெல்லாம், பதினைந்து வயதில், எனக்குள் எரிச்சலும் சேர்ந்தே ஏறும்.

பள்ளி வாத்தியக் குழுவில் எனக்குக் கிடைத்தது யூபோனியம். தடித்த குழாய்கள் சுற்றிச் சுற்றி வளைந்த, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்து ஊத வேண்டிய வாத்தியம். பெயர் வாயில் நுழையவில்லை என்று நான் சிணுங்கியபோது, அது கிரேக்கச் சொல் என்றும், 'யூ' என்றால் நல்ல, 'ஃபோனே' என்றால் குரல், சேர்த்தால் "இனிய குரல்" என்றும் இசை ஆசிரியை சொன்னார். செய்தவனே இப்படி நற்சான்று கொடுத்துப் பெயர் வைத்திருக்கிறானே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாநிலப் போட்டியில் தனியாக ஊத வேண்டிய பகுதியையும் அவர் எனக்கே கொடுத்து, விடுமுறையில் பழகிக்கொள்ளும்படி வாத்தியத்தையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

அப்பா வாசலிலேயே மறித்தார். பக்கத்துக் கட்டடமான அடுத்த புளோக்கில் சீனர் வீட்டுச் சாவு ஊர்வலத்தில் பித்தளை வாத்தியங்கள் ஊதிப் போனதைப் பார்த்தவர் அவர்.

"அலமாக்! சாவு பேண்டு சாமானையா வீட்டுக்குள்ள கொண்டாற? தையில அக்காவுக்குக் கல்யாணம், தெரியும்ல?"

"அதுக்குப் பேரே இனிய குரல்ப்பா!"

"பேரு என்னாவா வேணா இருக்கட்டும்லா. ஊதுறது எங்க? சாவுலதானே!"

"கோயில்ல கொம்பு ஊதுறாங்களே?"

"அது சாமிக்கு. வாய மூடு."

அப்போதே மோட்டார்சைக்கிளில் வைத்துக் கட்டி, பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் கயிறு எடுக்கப் போனபோது நான் கழற்றி ஒளித்துவைத்த, உதட்டில் பொருத்தும் ஊதுவாய் மட்டும் மிஞ்சியது. விடுமுறை முழுக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அதை ஊதினேன். வாத்து கத்துவதுபோலத்தான் வந்தது. பள்ளி திறந்ததும் அந்தப் பகுதி வேறொருத்திக்குப் போனது. போட்டியில் அவள் ஊத, பின்வரிசையில் வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருடம் குழுவிலிருந்தே விலகிவிட்டேன்.

இப்போது அந்தப் பள்ளியில் வாத்தியக் குழுவே இல்லை. என் உதட்டிலும் ஊதும் பிடி இல்லை. ஆனால் அப்பாவுக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது. போன வாரம் அக்கா மகளிடம், "ஒங்க சித்தி யூபோனியம் ஊதுனவ. அர்த்தம் தெரியுமா? இனிய குரல்!" என்று ஓர் எழுத்துப் பிசகாமல் பெருமையடித்தவர், என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா அத விட்டுட்ட? நல்லாத்தான ஊதுவ!"

நல்லாத்தானாம். ஒரு நாளாவது கேட்டிருந்தால் அல்லவா!