ஷைனியின் மேசையும் ஒரு பலகையும்

ஷைனி வேலைக்கு வந்த அன்று எனக்குப் பயமாக இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். புதுக்கடை ஊர்ப் பக்கம் ஒரு அண்டி ஆபீசில் பருப்பு தரம் பிரிக்கும் கிரேடிங் பிரிவுக்கு மேஸ்திரி. முந்திரி ஆலையை நாங்கள் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எது கெட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள் என்று எப்போதும் ஒரு பதற்றம் எனக்கு.

“கிரேசக்கா, இவளுக்கு ஆட்டிசம் உண்டு. பேச்சு கொறவு. ஒரு மாசம் பாப்போம். செரியாவலேன்னா அனுப்பிருவோம்” என்றார் முதலாளி.

“மெஷின்ல கைய விட்டுட்டான்னா?”

“கிரேடிங்ல ஏது மெஷினு?”

“எங்கயாம் ஓடிப் போயிட்டான்னா?”

“எக்கா, அவளுக்கு வயசு இருவத்தாறு” என்று சிரித்தாள் என்னோடு வேலை பார்க்கும் லீலா. “மொதல்ல ஒங்களப் பாத்துக்கிடத்தான் ஒரு ஆளு போடணும்.”

ஷைனிக்கு வெளிச்சத்துக்காக ஜன்னலடி மேசை கொடுத்தோம். முழுப் பருப்புக்கு இடது பக்கம் நீல ட்ரே, உடைந்ததற்கு வலது பக்கம் வெள்ளை ட்ரே. முதல் வாரம் நிறையத் தவறினாள். மூன்றாவது வாரம் அவள் பிரித்ததை நான் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தபோது, ஆர்டர் கொடுக்கும் குளச்சல்காரர் ஒருவர் ஆபீசைப் பார்க்க வருகிறார் என்றார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் முதல் ஆளாய்ப் போய் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று எல்லா ட்ரேயையும் எடுத்துவிட்டு ஸ்டீல் தட்டு வைத்தேன். ஷைனியின் மேசையை உள் மூலைக்குத் தள்ளினேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் கண்ணில் அவள் படவேண்டாம் என்றுதான்.

ஷைனி வந்தாள். மேசை இல்லாத ஜன்னலடியில் போய் நின்றாள். கையைப் பிடித்து இழுத்தேன். அலறிவிட்டாள். காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் கார்.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். “இது செரிப்படாது போல இருக்கே எக்கா. அவ அப்பாக்கு போன் பண்ணவா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பழி என்மேல் வராது. நாக்கு நுனிவரை வந்தது. லீலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேசய நாந்தான் மாத்துனேன் மொதலாளி. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. அவமேல தப்பில்ல.”

நானும் லீலாவும் மேசையைத் திரும்ப இழுத்துப் போட்டோம். இடது நீலம், வலது வெள்ளை. யாரும் அவளைத் தொடவில்லை. கால் மணி நேரத்தில் தானே எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

“இந்தப் பிள்ளைக்கு என்ன?” என்று கேட்டார் வந்தவர்.

“அவ எடத்த நான் கொளப்பிட்டேன். இப்ப செரியாயிட்டு.”

அவர் அவள் ட்ரேயைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். முதலாளி போன் பண்ணவில்லை. ஷைனி இன்றும் அதே மேசையில்தான் இருக்கிறாள்.

அன்று மாலையே ஒரு கரும்பலகை மாட்டினோம். மறுநாள் என்ன மாறும் என்று அதில் எழுதுவேன். ‘நாளை கரண்ட் இருக்காது.’ ‘நாளை லீலா லீவு.’ ஷைனி இரண்டு தடவை வாசிப்பாள், பிறகுதான் பையை எடுப்பாள். இவளைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்க நினைக்கும் இளையவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: எதையும் மாற்றுவதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

போன மாதம் எனக்குக் கண்ணில் ஆபரேஷன். முந்தின நாள் மாலை, ஒன்றாம் தேதி திரும்பி வருவேன் என்று ஷைனியின் மேசைப் பக்கம் நின்றுதான் முதலாளியிடம் சொன்னேன். பார்வை போய்விட்டால் கிரேடிங்கில் எனக்கென்ன வேலை? அந்தப் பயத்தில் பலகையில் எழுதாமலே கிளம்பினேன். ஷைனி சாக்பீசை நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவளே எழுதினாள்:

‘நாளை கிரேசக்கா லீவு. ஒன்றாம் தேதி வருவாங்க.’

இரண்டு தடவை வாசித்தேன். பிறகு பையை எடுத்தேன்.