மேஸ்திரியின் முதுகு

பெங்களூர் லிங்கராஜபுரத்துக் கிளினிக்கில் ஜன்னலோரக் கொக்கியில் ஒரு மனிதனின் முதுகெலும்பு தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் அல்ல, நிஜ எலும்பு, கம்பியில் கோத்தது. தினமும் காலையில் ஈரத்துணியால் அதைத் துடைப்பதுதான் என் முதல் வேலை. பிசியோதெரபி மேடம் படிக்கிற காலத்தில் ஹாஸ்டல் சீனியர் ஒருத்தியிடமிருந்து வாங்கியதாம். யாருடையது என்று அவருக்கும் தெரியாது. தேய்மானத்தைப் பார்த்தால் சுமை தூக்கிய சித்தாள் போலிருக்கிறது, செத்த பிறகாவது பதவி உயர்வு கிடைக்கட்டும் என்று 'மேஸ்திரி' எனப் பெயர் வைத்திருந்தார். "மேஸ்திரிய குளிப்பாட்டியாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார்.

நான் ஏழாவதோடு பள்ளியை விட்டவன். அத்திபெலேயில் லாரி கிளீனராக இருந்தேன், பொம்மனஹள்ளியில் துணி ஃபேக்டரியில் மூட்டை தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தவன், சரியான பிறகு எடுபிடியாக அங்கேயே நின்றுவிட்டேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வந்தவர்களில் பாதிப்பேர் மாணவர்கள். கட்டிலில் குனிந்து படித்தும், டிராயிங் போர்டு மேல் கவிழ்ந்து கிடந்தும் இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர்கள். மேடம் அவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பார். தேவைப்பட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து ஒரே அழுத்து. விரலில் நெட்டி முறிப்பதுபோல் சத்தம் வரும். அதை வெளிநாட்டில் போய்க் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

மேஸ்திரியின் இடுப்பில் ஒரு கோளாறு உண்டு. கீழிருந்து நான்காவது எலும்பு முன்பக்கம் கரைந்து மேலெலும்போடு ஒட்டிப்போய், பின்பக்கம் ஒரு முடிச்சாகத் துருத்தி நிற்கும். துடைக்கும்போது துணி அங்கேதான் மாட்டும். இரண்டு வருடத்தில், கண்ணை மூடினாலும் என் கட்டைவிரல் தானாகப் போய் அந்த முடிச்சில் நிற்கும். மேடம் மாணவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். "இது நோய் அரிச்ச எலும்பு. இந்த மாதிரி முதுகுல யாரும் கை வெக்கக் கூடாது. நெரிச்சா காலு ரெண்டும் போயிடும்."

பார்த்துப் பார்த்து எனக்கும் நெட்டி எடுக்க வந்துவிட்டது. மேடம் வீட்டுக்குப் போன பிறகு ஹாஸ்டல் பையன்கள் சிலர் பின்கதவு வழியாக வர ஆரம்பித்தார்கள். 'டாக்டரண்ணா' என்று கூப்பிட்டார்கள். அதற்காகத்தான் செய்தேன், வேறொன்றுமில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் புதிதாக ஒருவன் வந்தான். டிப்ளமோ கடைசி வருடம். கோடையிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தான். திங்கட்கிழமை டிராயிங் பரீட்சை. மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், கால்மணி நேரம்கூட முடியவில்லை என்றான். மேடம் வரட்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவங்க ஒரு மாசம் எக்ஸர்சைஸ் குடுப்பாங்கண்ணா. ஒரே ஒரு தடவ. எல்லாருக்கும் செய்றீங்கல்ல?"

ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வெளியே மழை மூட்டம், அறைக்குள் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் கை பழகிய வேலை. சட்டையை விலக்கி முதுகில் கட்டைவிரலை வைத்தேன். உடம்பு லேசாகச் சுட்டது. விரல் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. நான் நிறுத்தவில்லை, அதுவே நின்றது. கீழிருந்து நான்காவது. அதே முடிச்சு. காலையில் நான் துடைத்த முதுகையே இப்போது தோலும் சூடுமாகத் தொடுகிறேன் என்று தோன்றியது.

ஜன்னல் பக்கம் எலும்பும் எலும்பும் உரசும் சத்தம் கேட்டது. ஜன்னலை நானேதான் சாத்தியிருந்தேன். தெருவில் லாரி போயிருக்கலாம்.

கையை எடுத்துவிட்டேன். முடியாது என்றேன். அவன் எழுந்து பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "சும்மா டாக்டரண்ணா, டாக்டரண்ணான்னு பேரு. தெரியாதுன்னா மொதல்லயே சொல்றதுதானே." நான் போன் மேசைக்குப் போய் மேடத்தைக் கூப்பிட்டு, பின்கதவு விஷயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"அழுத்துனியா?"

"இல்ல மேடம். கைதான் வெச்சேன்."

"அவன எங்கயும் விடாத. நான் வரேன்."

எக்ஸ்ரேயில் தெரிந்தது காசநோய், எலும்பில். பரீட்சை போயிற்று. பல மாதம் படுக்கை, அதற்குமேல் மாத்திரை. ஆனால் அவன் நடந்தான். மேடம் என்னைக் கூப்பிட்டு, "நீ கைய எடுத்தது நல்ல காரியம். நாளைலேருந்து வராத," என்றார். இரண்டும் நியாயம்தான். கிளம்புமுன் மேஸ்திரியை ஒருமுறை துடைத்துவிட்டு வந்தேன்.

அதன்பின் எத்தனையோ வேலை, எத்தனையோ ஊர். போன வருடம் முதுகுவலி திரும்பி வந்து, பெங்களூரிலேயே வேறொரு கிளினிக்கில் காத்திருந்தேன். மேசைமேல் ஒரு முதுகெலும்பு நின்றது. பிளாஸ்டிக். யாரும் பார்க்காதபோது கட்டைவிரலை வைத்துக் கீழிருந்து எண்ணினேன். நான்காவதில் விரல் நின்றது. வழவழவென்று இருந்தது. அந்த முதுகில் யாரும் இல்லை.